மொத யூரோப் ட்ரிப்: எந்த ஊரு, எத்தனை ராத்திரி, எதுக்கு

"யூரோப் போலாம்னு இருக்கோம், ஒரு ப்ளான் போட்டு குடுங்களேன்"னு யாராவது கேட்டா, அவங்க ஏற்கனவே எழுதி வெச்சிருக்கற லிஸ்ட்டை தான் நான் மொதல்ல வாங்கி பாப்பேன். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ஸ்விஸ், வெனிஸ், ரோம், ப்ராக், வியன்னா, முடிஞ்சா பார்சிலோனா, மொத்தம் 12 நாள். சிரிக்க மாட்டேன், ஏன்னா நாங்களும் அப்படித்தான் போனோம். நான், வீட்டுக்காரம்மா, பையன், எங்க அம்மா, 12 நாள்ல 7 ஊரு. அந்த ட்ரிப்புல எனக்கு இன்னைக்கும் பளிச்சுன்னு ஞாபகம் இருக்கறது எதுன்னா ஸ்டேஷன் படிக்கட்டுங்க. லிஃப்ட் எங்கன்னு தெரியாம ரெண்டு கையிலயும் பெட்டியோட ஏறுறது, எறங்குறது, மறுநாள் காலைல திரும்பவும் ஏறுறது. ரெண்டாவது தடவை 3 ஊரு மட்டும் போனோம். இதுல எழுதறது பூரா அந்த ரெண்டு ட்ரிப்புக்கும் நடுவுல கத்துக்கிட்டது தான்.

மொதல் வேலை: ஆளுக்கு ஒண்ணு கேளுங்க

மேப்பை தொறக்காதீங்க. வீட்டுல வர்ற ஒவ்வொருத்தர் கிட்டயும் "அங்க போய் என்ன பண்ணணும்"னு ஒரே ஒரு விஷயம் சொல்ல சொல்லுங்க, ஊர் பேர் சொல்லக்கூடாது. எங்க வீட்டுல பையன் "கிளாடியேட்டர் சண்டை போட்ட எடம்"னான், வீட்டுக்காரம்மா "ஓவியம், அவசரப்படுத்தாம பாக்கணும்"னாங்க, அம்மா யோசிச்சு யோசிச்சு "ஒரு ஆறு இருக்கணும்டா, அதை பாத்துக்கிட்டே சும்மா உக்காந்திருக்கணும்"னு சொன்னாங்க. இந்த மூணு பதில்லயே பாதி ப்ளான் முடிஞ்சிருச்சு பாருங்க. ஊருங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் இருக்கு, நமக்கு எது ஒத்து வரும்னு தெரிஞ்சுக்கிட்டு எடுத்தா போதும்.

பாரிஸ்ல ஆரம்பிக்கலாம். எல்லார் லிஸ்ட்லயும் இது இருக்கும், பேரு அப்படி. 1889ல ஒரு கண்காட்சிக்காக நட்டு, 20 வருஷம் கழிச்சு பிரிச்சிடலாம்னு வெச்சிருந்த இரும்பு கோபுரம் இன்னைக்கு 330 மீட்டர் உயரத்துல நின்னு ஊருக்கே சோறு போடுது. ஆனா ஈஃபில் டவருக்காக மட்டும் பாரிஸ் போனா ஒரே நாள்ல போர் அடிச்சிடும். மியூசியம் பிடிக்கும், நடக்க பிடிக்கும்னா தான் அது உங்க ஊரு. 2019 ஏப்ரல்ல தீப்பிடிச்ச நோத்ர டாம் சர்ச்சை 2024 டிசம்பர்ல மறுபடி திறந்துட்டாங்க, உள்ள போக காசே கிடையாது. இன்னொண்ணு, கார் து நோர் ஸ்டேஷனுக்கு பின்னாடி பக்கம் பொடிநடையா போனா லா ஷப்பெல் வரும், ஈழத்தமிழர் கடைங்க வரிசையா இருக்கும், போர்டெல்லாம் தமிழ்ல. நாலு நாள் ப்ரெட்டா தின்னு நாக்கு செத்துப்போனப்புறம் அங்க ஒரு தோசையை கண்டா கண்ணு கலங்கும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் ஆரம்பம் வாக்குல போறீங்கன்னா மாணிக்க விநாயகர் கோயில் தேர் எப்பன்னு பாத்துக்கோங்க, ரோட்டுல மலை மாதிரி தேங்காய் குவிச்சு ஒடைப்பாங்க, பாரிஸ் போலீஸ்காரங்க ஓரமா நின்னு வழி விடுவாங்க.

ரோம் சரித்திரம் பிடிச்சவங்களுக்கும் புள்ளைங்க கூட போறவங்களுக்கும். மியூசியத்துக்குள்ள கண்ணாடி பெட்டில பாக்க வேண்டியதெல்லாம் அங்க தெருவுல கெடக்கும். கிளாடியேட்டருங்க சண்டை போட்ட கொலோசியத்தை விட எனக்கு பிடிச்சது பான்தியன்ங்கற பழைய கோயில். ஏறக்குறைய 1900 வருஷத்துக்கு முன்னாடி கம்பியே இல்லாம வெறும் கான்கிரீட்ல போட்ட கோபுரக்கூரை, 43 மீட்டர் அகலம், நடுவுல ஒரு பெரிய ஓட்டை, அதுக்கு மூடியும் கிடையாது கண்ணாடியும் கிடையாது. மழை பெஞ்சா நேரா உள்ள கொட்டும், தரைல சின்ன சின்ன துளைங்க போட்டிருக்காங்க, தண்ணி அதுவழியா போயிடும். நாங்க போன அன்னிக்கு தூறல், எல்லாரும் நடுவுல வட்டமா எடம் விட்டு சுத்தி நின்னு மழையை வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தாங்க. 2023 ஜூலைல இருந்து 5 யூரோ டிக்கெட் வெச்சிட்டாங்க, பரவால்ல, குடுக்கலாம்.

அடுத்தது ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட் மூணும். மொத தடவை போறவங்களுக்கு, அதுவும் பெரியவங்களை கூட்டிட்டு போறவங்களுக்கு, நான் கண்ண மூடிக்கிட்டு சொல்றது இந்த மூணு தான். ஒரே ரயில் லைன்ல வரிசையா இருக்கு, ப்ராக்ல இருந்து வியன்னா கிட்டத்தட்ட 4 மணி நேரம், வியன்னால இருந்து புடாபெஸ்ட் 2 மணி 40 நிமிஷம், ப்ராக்கும் புடாபெஸ்ட்டும் பாரிஸை விட செலவு கம்மி, மூணும் மூணு விதம்.

ப்ராக்குக்கு பழைய ஊர் அழகுக்காக போறாங்க. சார்லஸ் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினதை பத்தி அங்க ஒரு கதை சொல்வாங்க, நம்மாளுங்களுக்கு ரொம்ப பிடிக்கும். ராஜா நாலாம் சார்லஸ் ஜோசியக்காரங்களை கேட்டு நேரம் குறிச்சாராம், 1357ம் வருஷம், 9ம் தேதி, 7ம் மாசம், காலைல 5:31. எழுதி பாருங்க, 1 3 5 7 9 7 5 3 1. முகூர்த்தம் பாக்கறது நம்ம ஊர்ல மட்டும்னு நெனைச்சுக்கிட்டிருந்தோம். நீங்களும் அதே மாதிரி விடியக்காலைல போயிடுங்க, 6 மணிக்கு பாலத்துல நாலு பேரும் சில புறாவும் தான் இருக்கும், 10 மணிக்கு போனா ரங்கநாதன் தெரு.

வியன்னாக்கு சங்கீதத்துக்கும் ஓவியத்துக்கும் காபிக்கும் போறாங்க. ஸ்டேட் ஆபரான்னு பாட்டு நாடக அரங்கம் இருக்கு, அங்க நின்னுக்கிட்டே பாக்கற டிக்கெட் ரொம்ப கம்மி வெலைக்கு கெடைக்கும், ஆனா ஜூலை ஆகஸ்ட்ல ஆபரா கிடையாது, லீவு. காபி ஹவுஸ்ல ஒரு காபி சொன்னா சின்ன வெள்ளித்தட்டுல காபியும் கூட ஒரு க்ளாஸ் தண்ணியும் வரும், அதை வெச்சுக்கிட்டு எத்தனை மணி நேரம் வேணா உக்காரலாம், எழுந்திருங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கும்பகோணம் டிகிரி காபி குடிச்சு வளந்த எங்க அம்மா ரெண்டு வாய் குடிச்சிட்டு "தண்ணி நல்லாருக்கு"ன்னாங்க. உண்மைல அந்த தண்ணி ஆல்ப்ஸ் மலைல இருந்து குழாய்ல வருது, பாட்டில் வாங்கி காசை வீணாக்காதீங்க.

புடாபெஸ்ட்டுக்கு டான்யூப் ஆறும் வெந்நீர் குளமும். செச்செனி குளியல் 1913ல திறந்தது, பனி பெய்யற நாள்ல கூட வெளிய திறந்தவெளில சூடான ஊத்து தண்ணில கழுத்து வரைக்கும் உக்காந்திருக்கலாம், வயசானவங்க தண்ணிக்குள்ளயே பலகை வெச்சு செஸ் ஆடுவாங்க. நீச்சல் டிரெஸ்ஸும் செருப்பும் மறக்காம எடுத்துட்டு போங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க்கும் வான்கோ ஓவியத்துக்கும், மார்ச் கடைசில இருந்து மே நடு வரைக்கும் கியூகென்ஹாஃப் தோட்டத்து ட்யூலிப் பூவுக்கும். அங்க சைக்கிள் பாதைல கால் வெச்சிடாதீங்க, மணி அடிப்பான், நிறுத்த மாட்டான். பார்சிலோனா 1882ல ஆரம்பிச்சு இன்னும் கட்டிக்கிட்டிருக்கற சக்ராதா ஃபமீலியா சர்ச்சுக்கும் பீச்சுக்கும். லிஸ்பன் வெயிலுக்கும் மஞ்சள் ட்ராமுக்கும் முட்டை டார்ட்டுக்கும், ஆனா ஊரே மேடும் பள்ளமும், முட்டிவலி இருந்தா வேணாம். வெனிஸ் ஒரு ராத்திரி தங்கினா தான் அழகு, பகல்ல மட்டும் வந்து போறதுக்கு சீசன்ல சில நாள் நுழைவு கட்டணமே வாங்கறாங்க. ஸ்விஸ்க்கு நம்ம ஜனங்க டூயட் பாட்டுக்காக போறாங்க, தப்பே இல்ல, ஆனா அது ஊர் பாக்கற ட்ரிப் இல்ல, மலை பாக்கற ட்ரிப், பட்ஜெட்டும் தனி. இதோட சேத்துக்காம இன்னொரு வருஷம் தனியா போங்க.

ரெண்டாவது: ராத்திரி கணக்கு

நாள் கணக்கு போடாதீங்க, ராத்திரி கணக்கு போடுங்க. ஊர் மாறுற அன்னிக்கு பாதி நாள் போச்சுன்னு எழுதிக்கோங்க, ஹோட்டல் காலி பண்ணணும், ஸ்டேஷன் போகணும், அந்த பக்கம் எறங்கி ரூம் 3 மணிக்கு தான் குடுப்பான். பெரிய ஊருக்கு 3 ராத்திரிக்கு கம்மியா வேணாம், பாரிஸுக்கும் ரோமுக்கும் 4. அப்ப 10 ராத்திரின்னா 3 ஊரு, அவ்ளோ தான். ஃப்ளைட் எடுக்கும்போது மல்டி சிட்டின்னு போட்டு ஒரு ஊர்ல எறங்கி இன்னொரு ஊர்ல இருந்து திரும்பற மாதிரி எடுங்க, ப்ராக்ல எறங்கி புடாபெஸ்ட்ல ஏறுறது மாதிரி, எறங்கின ஊருக்கே திரும்ப வர்ற ஒரு நாள் மிச்சம்.

மாசம்னு கேட்டா மே, இல்ல செப்டம்பர். நம்ம ஊர் ஸ்கூல் லீவு மே மாசத்துல வர்றது அதிர்ஷ்டம் தான். மே 1 மட்டும் பாத்துக்கோங்க, அங்கயும் லீவு, பாரிஸ்ல மோனாலிசா இருக்கற லூவ்ர் மியூசியமே மூடியிருக்கும். ஜூலை ஆகஸ்ட்ல ரோம்ல வெயில் நம்ம வேலூருக்கு சவால் விடும். டிசம்பர்ல கிறிஸ்துமஸ் சந்தைங்க ஜோரா இருக்கும், ஆனா வியன்னால 4 மணிக்கெல்லாம் இருட்டிடும்.

மூணாவது: விசா

இதுல தான் நெறைய பேர் தடுமாறுவாங்க. ஷெங்கன் விசா ஒண்ணு எடுத்தா மேல சொன்ன எல்லா நாட்டுக்கும் போலாம், லண்டன் இதுல வராது, அதுக்கு தனி விசா. நடுவுல லண்டன் போயிட்டு மறுபடி பாரிஸ் வர்றதா இருந்தா மல்டிப்பிள் என்ட்ரி வாங்கணும், இல்லன்னா திரும்ப உள்ள விட மாட்டாங்க. எந்த நாட்டுல அதிக ராத்திரி தங்கறீங்களோ அந்த நாட்டுக்கு தான் அப்ளை பண்ணணும், எல்லாம் சமமா இருந்தா மொதல்ல கால் வெக்கற நாடு. கட்டணம் 2024 ஜூன்ல இருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ, 6ல இருந்து 12 வயசுக்குள்ள 45, 6 வயசுக்கு கீழ இல்ல. சர்வீஸ் சென்டர் சார்ஜ் தனி. கிளம்பறதுக்கு 6 மாசம் முன்னாடியே போடலாம், 15 நாளுக்கு முன்னாடியாவது போட்டே ஆகணும், ஆனா 15 நாள்னு நம்பி உக்காந்திருந்தா கதை கந்தல், கோடைல அப்பாயின்ட்மென்ட்டே கெடைக்காது. ஜனவரி பொங்கல் முடிஞ்ச கையோட வேலையை ஆரம்பிச்சிடுங்க.

பேப்பருங்க: திரும்பி வர்ற தேதிக்கு மேல 3 மாசமாவது செல்லுபடி ஆகற பாஸ்போர்ட்டு, அதுல ரெண்டு பக்கம் காலி, 30,000 யூரோவுக்கு கவர் ஆகற ட்ராவல் இன்ஷூரன்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், ஐடி ரிட்டர்ன், ஆபீஸ்ல லீவு லெட்டர், ஹோட்டல் புக்கிங், ஃப்ளைட் ப்ளான். ஹோட்டலை கேன்சல் பண்ணா காசு திரும்ப வர்ற மாதிரி போடுங்க. அப்ளை பண்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி திடீர்னு 5 லட்சம் அக்கவுன்ட்ல போட்டு காட்டறது வேலைக்கு ஆகாது, கணக்கு மாசாமாசம் எப்படி நடந்திருக்குன்னு தான் பாப்பாங்க. விசா வந்தவொடனே பேரு, தேதி, எத்தனை நாள்னு சரிபாருங்க. 2025 அக்டோபர்ல இருந்து எல்லைல ஸ்டாம்ப்புக்கு பதிலா கம்ப்யூட்டர்ல பதியற முறை கொண்டு வந்திருக்காங்க, எறங்கற ஏர்போர்ட்ல க்யூ நீளும், அடுத்த ரயிலை அதுக்கேத்த மாதிரி எடுங்க.

நாலாவது: மூடற நாளை வெச்சு ப்ளான் போடுங்க

நாங்க பாரிஸ்ல செவ்வாய்க்கிழமை காலைல குளிச்சு முழுகி லூவ்ர் வாசல்ல போய் நின்னோம். என்னடா கூட்டமே இல்லையேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். லூவ்ருக்கு செவ்வாய் லீவு, அது ஊருக்கே தெரியும், எனக்கு தெரியல. மறுநாள் காலைல ஆம்ஸ்டர்டாம் ரயில். வீட்டுக்காரம்மா அன்னிக்கு பூரா ஒண்ணும் பேசல, அது திட்டறதை விட மோசம்.

அதனால எந்த ஊருக்கும் மொதல்ல "என்னிக்கு மூடியிருக்கும்"னு எழுதுங்க. லூவ்ர் செவ்வாய், பாரிஸ்லயே ஓர்ஸே மியூசியம் திங்கள், வத்திக்கான் மியூசியம் பெரும்பாலான ஞாயிறு. அப்புறம் டிக்கெட்டை ஆன்லைன்ல முன்னாடியே எடுத்திடுங்க, வாசல்ல வாங்கிக்கலாம்னு போகாதீங்க. ஆம்ஸ்டர்டாம்ல நாஜிங்களுக்கு பயந்து ஒளிஞ்சிருந்து டைரி எழுதின பொண்ணு ஆன் ஃப்ராங்க் வீட்டுக்கு டிக்கெட் ஆன்லைன்ல மட்டும் தான், செவ்வாய்தோறும் 6 வாரம் கழிச்சு வர்ற தேதிக்கு விடுவாங்க, சீக்கிரமே காலியாயிடும். கொலோசியம் டிக்கெட்ல உங்க பேரு இருக்கும், பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே அடிங்க, நம்ம இனிஷியல் குழப்பம் வேற இருக்கு. புள்ளைங்க இருந்தா லூவ்ர்லயும் கொலோசியத்துலயும் 18 வயசுக்கு கீழ காசு கிடையாது, வயசுக்கு ப்ரூஃப் கைல வெச்சுக்கோங்க. லூவ்ர் 2026 ஜனவரில இருந்து நம்மள மாதிரி வெளிநாட்டுக்காரங்களுக்கு 32 யூரோ ஆக்கிட்டாங்க, அதனால உள்ள போனா மோனாலிசாவோட ஒரு செல்ஃபி எடுத்துட்டு ஓடி வராதீங்க, புதனும் வெள்ளியும் ராத்திரி 9 வரைக்கும் தொறந்திருக்கும், சாயங்காலம் கூட்டம் குறையும். ரோம்ல சர்ச்சுங்களுக்கு தோளும் முட்டியும் மூடியிருக்கணும், ஒரு துப்பட்டா பைல இருந்தா பிரச்சனை தீந்தது.

அஞ்சாவது: தங்கறது, ரயிலு

ரூம் போடும்போது ரெண்டே கேள்வி: லிஃப்ட் இருக்கா, மெட்ரோவோ ட்ராமோ நடக்கற தூரமா. பாரிஸ்ல பழைய கட்டடத்துல நாலாவது மாடி, குறுகலா சுத்தி சுத்தி போற மரப்படி, லிஃப்ட் இல்லன்னு ஒரு மூலைல சின்ன எழுத்துல போட்டிருக்கும். சமையலறை இருக்கற அபார்ட்மென்ட் கெடைச்சா ரெண்டு வேளை சாப்பாட்டு செலவு மிச்சம், ஆனா வியன்னால ஞாயித்துக்கிழமை சூப்பர்மார்க்கெட்டெல்லாம் மூடிடுவாங்க, பெரிய ஸ்டேஷன்ல இருக்கறது தான் தொறந்திருக்கும், சனிக்கிழமையே பால் வாங்கி வெச்சிடுங்க.

ரயில் டிக்கெட் தேடும்போது ஊர் பேரை அவங்க பாஷைல போடணும், வியன்னான்னா வீன், ப்ராக்னா ப்ராஹா, வெனிஸ்னா வெனெட்ஸியா, ஃப்ளாரன்ஸ்னா ஃபிரென்ஸே. ஸ்டேஷன் போர்டுலயும் அப்படித்தான் இருக்கும், ரெண்டும் வேற ஊருன்னு நெனைச்சு பதட்டப்படாதீங்க. ரெண்டு மூணு மாசம் முன்னாடி எடுத்தா ப்ராக் வியன்னாவெல்லாம் 20 யூரோவுக்கு கூட கெடைக்கும், கடைசி நாள்ல அதே சீட்டு பல மடங்கு. ப்ராக் மெயின் ஸ்டேஷன்ல பிளாட்ஃபாரம் நம்பர் கிளம்பறதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடி தான் போடுவாங்க, எல்லாரும் போர்டையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பாங்க, நம்பர் விழுந்த உடனே ஒரே ஓட்டம். கோச் நம்பரை முன்னாடியே மனப்பாடம் பண்ணிக்கோங்க. இத்தாலில லோக்கல் ரயிலுக்கு பேப்பர் டிக்கெட் எடுத்தா பிளாட்ஃபாரத்துல இருக்கற மெஷின்ல குத்திட்டு தான் ஏறணும், புடாபெஸ்ட் ப்ராக் மெட்ரோலயும் அதே கதை, குத்தாத டிக்கெட்டு டிக்கெட்டே இல்ல, ஃபைன் போட்டுடுவாங்க.

ஆறாவது: காசு, பை, சாப்பாடு

எல்லா எடத்துலயும் யூரோ ஓடும்னு நெனைக்காதீங்க, ப்ராக்ல கொரூனா, புடாபெஸ்ட்ல ஃபோரின்ட். வெளிநாட்டு காசை ஏத்தி வெச்சுக்கற ஃபாரெக்ஸ் கார்டு இருந்தா பெரும்பாலும் போதும், கைல கொஞ்சம் சில்லறை மட்டும், ஸ்டேஷன் டாய்லெட்டுக்கு காசு வேணும். மெஷின்ல "ரூபாய்லயா, ஊர் காசுலயா"ன்னு கேட்டா எப்பவும் ஊர் காசையே அமுக்குங்க. ப்ராக்ல கமிஷன் இல்லன்னு பெருசா எழுதி ரேட்டுல கையை வெக்கற கடைங்க உண்டு, ஏமாந்துட்டா பில்லோட 3 மணி நேரத்துக்குள்ள திரும்ப போய் மாத்தினதை ரத்து பண்ண அங்க சட்டமே இருக்கு.

பைல புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, இட்லிப்பொடி தாராளமா எடுத்துட்டு போலாம். நெய், பால்கோவா, எந்த பால் ஐட்டமும் கறியும் கூடாது, பிடுங்கி குப்பைல போட்டுடுவாங்க. பச்சை கறிவேப்பிலையும் ஆகாது. வேடிக்கை என்னன்னா தேங்காயும் வாழைப்பழமும் அனுமதி. சைவம்னா புடாபெஸ்ட்ல லாங்கோஷ்னு எண்ணெய்ல பொரிச்ச பெரிய ரொட்டி, பூண்டும் சீஸும் போட்டு தருவாங்க, ப்ராக்ல பொரிச்ச சீஸ், பாரிஸ்ல மாரே ஏரியால நம்ம வடை மாதிரி ஃபலாஃபெல், ரோம்ல பீட்சா கடைல துண்டு துண்டா வெட்டி எடை போட்டு தருவான். ரோம்ல தெருவுக்கு தெரு எந்நேரமும் ஓடற குடிதண்ணி குழாய் இருக்கும், வளைஞ்ச மூக்கு மாதிரி. அதோட வாயை விரலால அடைச்சா மேல இருக்கற சின்ன ஓட்டைல இருந்து தண்ணி வளைஞ்சு பீச்சும், குனியாம குடிக்கலாம். பையன் கொலோசியத்தை விட இதுல தான் அதிக நேரம் ஆடினான்.

ஜேப்படி பத்தி ஒரு வார்த்தை. பாரிஸ் மெட்ரோ, பார்சிலோனா ராம்ப்லா தெரு, ரோம் பஸ், ப்ராக் 22ம் நம்பர் ட்ராம், எங்க கூட்டமோ அங்க. பாஸ்போர்ட்டை சட்டைக்குள்ள வெச்சுக்கோங்க, போனை பின் பாக்கெட்ல வைக்காதீங்க. பாரிஸ்ல சாக்ரே கேர் சர்ச் படில ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே வந்து கைல கயிறு கட்ட ஆரம்பிப்பாரு, நாம கோயில் கயிறு மாதிரின்னு கையை நீட்டிடுவோம், கட்டி முடிச்சதும் காசு கேட்டு விட மாட்டாரு. கையை பாக்கெட்ல விட்டுக்கிட்டு நிக்காம நடந்துடுங்க.

கடைசியா, ஒவ்வொரு ஊர்லயும் அரை நாள் ஒண்ணும் போடாம காலியா விடுங்க. புடாபெஸ்ட்ல எங்களுக்கு அப்படி ஒரு சாயங்காலம் இருந்துச்சு, 2ம் நம்பர் ட்ராம் ஆத்தோரமாவே பார்லிமென்ட்டை தாண்டி போகும்னு ஏறினோம். அம்மா ஜன்னல் சீட்டு. கடைசி ஸ்டாப் வந்ததும் எறங்கலாம்னு எழுந்தேன், அம்மா எழுந்திருக்கல, "இதுலயே திரும்ப போலாமா"ன்னாங்க. போனோம். திரும்ப வரும்போது வெளக்கு போட்டிருந்தாங்க, பார்லிமென்ட் பூரா தங்கக்கலர்ல ஆத்துல விழுந்து ஆடிக்கிட்டிருந்துச்சு. மறுபடியும் கடைசி ஸ்டாப். நான் எழுந்திருக்கவே இல்ல, இன்னும் மூணு டிக்கெட் குத்த பையனை அனுப்பினேன், அவனுக்கும் ஒண்ணு சேத்து நாலு.